வாசகர் கேள்வி – பதில்: தொட்டிச் சீட்டில் இருக்கும் வாலிஸ்

ஏற்காடு கோடை விழா மலர்க் கண்காட்சிக்குப் போய்வந்த வாசகர்கள் சிலர், ஏறத்தாழ ஒரே செடியைச் சுற்றி வெவ்வேறு கேள்விகளை அனுப்பியிருக்கிறார்கள். வெள்ளைப் பாளை விரிக்கும் பீஸ் லில்லிதான் அந்தச் செடி. அவற்றை ஐந்து இதழ்களில் பிய்த்துப் போடுவதைவிட இந்த மாதப் பக்கத்தை முழுவதும் அதற்கே ஒதுக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

கேள்வி: அண்ணா பூங்காவில் பீஸ் லில்லித் தொட்டியில் குத்தியிருந்த சீட்டில் ‘ஸ்பாத்திஃபில்லம் வாலிசி’ என்று எழுதியிருந்தது. இதில் வரும் வாலிஸ் யார்? இந்தச் செடியைக் கண்டுபிடித்த விஞ்ஞானியா? (வாசகி, நாகலூர்)

பதில்: விஞ்ஞானி அல்லர், தோட்டக்காரர். அதிலும் வாழ்நாளில் பெரும்பகுதியைப் பிறருடைய தோட்டங்களுக்காகக் காட்டில் கழித்த தோட்டக்காரர்.

குஸ்டாவ் வாலிஸ் 1830 மே 1 அன்று, அப்போது ஹானோவர் அரசைச் சேர்ந்திருந்த லூனபுர்க் என்னும் ஜெர்மன் நகரில், ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்தார். ஆறு வயது வரை அவருக்குக் காது கேட்கவில்லை, பேச்சும் வரவில்லை. பேச்சு வரத் தொடங்கிய அந்த வயதிலேயே தந்தை இறந்துபோக, ஆறு பிள்ளைகளோடு தனித்து நின்ற தாய் தம் பிறந்த ஊரான டெட்மோல்டுக்குக் குடிபெயர்ந்தார். அங்கேதான் பையன் பள்ளிக்குப் போனான். ஊரைச் சுற்றியிருந்த காடுகளில் செடி கொடிகளைப் பார்க்கவும் பழகினான். பதினாறாம் வயதில் அவனை ஒரு பொற்கொல்லரிடம் தொழில் பழக விட்டார்கள். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளின் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அந்த வேலையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: நாள் முழுவதும் ஒரே மணை, குனிந்த கழுத்து, கண்ணெதிரே ஊதுகுழலின் தீ. காட்டில் திரிந்த பிள்ளைக்கு அது ஒத்துவரவில்லை. அதை விட்டுவிட்டு அதே ஊரில் ஒரு தோட்டக்காரரிடம் சேர்ந்தான். பயிற்சி முடிந்து மியூனிக் நகரில் வேலை கிடைத்தபோது, ஓய்வு கிடைத்த நாள்களில் ஆல்ப்ஸ் மலைப்பக்கம் ஏறிச் செடி சேர்க்கும் பழக்கமும் வந்தது. பேச்சில் குறை கடைசிவரை இருந்தும், அயல்மொழிகள் பலவற்றை அவர் தாமே முயன்று கற்றுக்கொண்டார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்; பின்னாளில் அவர் பிழைத்தது அந்த மொழிகளால்தான்.

1856இல் தென் பிரேசிலுக்குக் கப்பலேறினார். ஒரு ஜெர்மன் நாற்றுப்பண்ணையின் கிளையை அங்கே 1858இல் தொடங்கினார். தாய் நிறுவனம் திவாலாகிவிட, கையில் காசில்லாமல் அயல்நாட்டில் நின்றார். அந்த நிலையில் அவர் வேலை கேட்டு அணுகியவர் ழான் லிண்டன். லக்சம்பர்க்கில் பிறந்த லிண்டன், இளமையில் தாமே பத்தாண்டுக் காலம் லத்தீன் அமெரிக்கக் காடுகளில் செடி சேகரித்துவிட்டு, பின்பு பெல்ஜியத்தில் வெப்பமண்டலச் செடிகளுக்கான பெரிய நாற்றுப்பண்ணையை நடத்தியவர். நல்ல சேகரிப்பாளரை இனம் காண அவருக்குத் தெரிந்திருந்தது. லிண்டனுக்காக வாலிஸ் அமேசானின் கழிமுகத்திலிருந்து மேல்நோக்கிப் புறப்பட்டு, அதன் கிளையாறுகளில் புகுந்து, ஆற்றின் தலைப்பகுதி வரை போனார். படம் வரைந்து பார்த்தால் ஒரு கண்டத்தின் குறுக்களவு அது.

1870இல் லண்டன் செல்சியில் கண்ணாடி வீடுகள் வைத்திருந்த வீச் நாற்றுப்பண்ணை நிறுவனம் அவரைப் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்கு அனுப்பியது. ஃபலெனாப்சிஸ் என்னும் அந்துப்பூச்சி ஆர்க்கிட்டுகளுக்காக நடந்த அந்தப் பயணம் செலவுக்கேற்ற பலனைத் தரவில்லை. ஆனாலும் 1872 டிசம்பரில் அதே நிறுவனம் அவரைக் கொலம்பியாவுக்கு அனுப்பியது. இம்முறை பெட்டி நிறைந்தது. அப்போது போய்ச்சேர்ந்தவற்றுள் ஒன்று, இன்று செடிப் பித்தர்கள் ‘ராஜா ஆந்தூரியம்’ என்று கொண்டாடும் செடி: ஒரு மீட்டருக்கும் மேல் நீண்டு தொங்கும் இலை, சலவைக் கல்லில் வெட்டிய வரிகளைப் போன்ற மடிப்புகள். அதன் பெயர் ஆந்தூரியம் வீச்சி. கொண்டுவந்தவர் வாலிஸ், பெயர் முதலாளியுடையது.

லத்தீன் பெயரின் கடைசியில் வரும் அந்த ‘இ’ ஒலி, நம்முடைய ‘உடைய’ என்னும் உருபின் வேலையைச் செய்கிறது. ‘வாலிசி’ என்றால் ‘வாலிசினுடைய’ என்று பொருள். வாலிஸ் காட்டில் கண்ட பீஸ் லில்லிக்கு 1877இல் அந்தப் பெயரை இட்டவர் எட்வர்ட் ரீகல். அவரும் ஜெர்மனியின் கோத்தா நகரில் பிறந்து, தோட்டக்காரராகத் தொழில் பழகி, ரஷ்யத் தலைநகராக இருந்த பீட்டர்ஸ்பர்க்கின் தாவரவியல் தோட்டத் தலைமை வரை உயர்ந்தவர். ஒரு தோட்டக்காரர் இன்னொரு தோட்டக்காரருக்குச் செய்த மரியாதை என்று நான் இதை எடுத்துக்கொள்கிறேன். முதல் சொல்லான ஸ்பாத்திஃபில்லம் கிரேக்கம்: பாளை, இலை என்ற இரண்டு சொற்கள் ஒட்டியது. பொருத்தமான பெயர். நாம் பூ என்று சொல்லும் அந்த வெள்ளை ஏடு பூவே அன்று. தென்னையின் பாளையைப் போல, பூக்கள் நெருங்கிய தண்டைக் காக்க வந்த மடல். பக்கத்தில் போய்ப் பார்த்தால், மடலின் நடுவே நிற்கும் விரலளவுத் தண்டில் கதிர் பிடித்தாற்போல் ஒட்டியிருக்கும் சிறு சிறு புடைப்புகள்தாம் உண்மையான பூக்கள் என்பது தெரியும். நாள் ஆக ஆக வெள்ளை மடல் பச்சையாக மாறி, மீண்டும் இலைபோல ஆகிவிடும்.

அந்தப் பெயர் சூட்டப்பட்ட மறு ஆண்டே வாலிஸ் இறந்துபோனார். வீச் நிறுவனத்தை விட்டு விலகியபின், 1875இல் தம் சொந்தப் பொறுப்பில் மீண்டும் தென் அமெரிக்கா சென்றார். பனாமாவில் காய்ச்சல் கண்டது. தேறி, ஈக்குவடாருக்குப் போனார். அங்கே மறுபடியும் நோயில் விழுந்து, மஞ்சள் காய்ச்சலும் சீதபேதியும் சேர்ந்து வாட்ட, 1878 ஜூன் 20 அன்று குவென்கா நகர மருத்துவமனையில் உயிர்விட்டார். வயது 48. குவென்கா கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,500 மீட்டர் உயரத்தில், நம் ஏற்காட்டைவிட ஆயிரம் மீட்டர் மேலே இருக்கும் குளிர்ந்த ஊர். மஞ்சள் காய்ச்சலைப் பரப்பும் கொசு அந்த உயரத்தில் தங்குவதில்லை; ஆகவே கீழ்நாட்டு வெக்கையில் தொற்றிய நோயைச் சுமந்துகொண்டுதான் அவர் மலையேறியிருக்க வேண்டும். அந்நோய் கொசுவால் பரவுகிறது என்று மெய்ப்பிக்கப்பட்டதே 1900இல்தான்.

கேள்வி: பெங்களூரிலிருந்து சேலத்துக்கு லாரியில் வருவதற்குள்ளேயே எங்கள் நர்சரிச் செடிகளில் கால் பங்கு வதங்கிவிடுகிறது. அந்தக் காலத்தில் தென் அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு உயிரோடு எப்படிக் கொண்டுபோனார்கள்? (நர்சரிப் பணியாளர், கன்னங்குறிச்சி)

பதில்: தொழில் தெரிந்தவர் கேட்கும் கேள்வி, ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

லண்டனில் மருத்துவராக இருந்த நத்தானியேல் வார்ட், 1829இல் ஒரு மூடிய கண்ணாடிப் புட்டியில் ஈர மண்ணோடு அந்துப்பூச்சிக் கூட்டுப்புழு ஒன்றை வைத்திருந்தார். பூச்சியை எதிர்பார்த்தவர் கண்ட காட்சி வேறு: அந்த மண்ணில், யாரும் நீர் ஊற்றாமலே, ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்திருந்தன. பகலில் ஆவியாகும் ஈரம் கண்ணாடியில் படிந்து, குளிர்ந்து, மீண்டும் மண்ணிலேயே சொட்டுகிறது என்பதை அவர் புரிந்துகொண்டார். 1833இல் அப்படிப்பட்ட மூடிய பெட்டிகள் இரண்டில் செடிகளை வைத்து ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குக் கப்பலில் அனுப்பிச் சோதித்தார். செடிகள் உயிரோடு போய்ச்சேர்ந்தன. அதுவே வார்டியன் பெட்டி. கனத்த மரத்தில் அடிப்பெட்டி, மேலே வீட்டுக் கூரைபோல் இரு பக்கமும் சரிந்த கண்ணாடிச் சட்டங்கள், சந்துகளில் அடைப்பு மெழுகு. பெட்டியைக் கப்பலின் மேல்தளத்தில்தான் வைக்க வேண்டும். வெளிச்சம் இல்லாத அடித்தட்டில் வைத்தால் செடி வெளுத்துச் சாகும். மேல்தளத்திலோ கடல் அலையின் உப்புத் திவலை. கண்ணாடி ஒன்று உடைந்து, அதை மாலுமிகள் கவனிக்காமல் விட்டால், அந்தப் பெட்டியின் கதை முடிந்தது.

ஆர்க்கிட்டுகளை அனுப்பிய முறை இதற்கு நேர்மாறானது. அவற்றின் தடித்த தண்டுகளில் நீர் சேமித்திருக்கும். ஆகையால் ஈரம்தான் அவற்றுக்கு எமன். நிழலில் பல நாள் உலர்த்தி, மரச் சட்டங்களில் கட்டி, காற்றோட்டமுள்ள பெட்டிகளில் காய்ந்த நிலையிலேயே அனுப்பினார்கள். ஆண்டிஸ் மலையிலிருந்து கோவேறு கழுதை முதுகில் இறக்கி, மக்தலேனா ஆற்றில் நீராவிப் படகு ஏற்றி, கடற்கரைத் துறைமுகத்தில் கப்பலுக்குக் காத்திருந்து, அதன்பின் அட்லாண்டிக்கைக் கடக்க வேண்டும். இந்த வழியில் பெட்டி அழுகிப்போனால் நிறுவனத்துக்கு நஷ்டம். சேகரித்தவருக்கோ ஓராண்டு உழைப்பே வீண்.

உங்கள் லாரிக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஏற்றுவதற்கு முன் தொட்டியில் நீர் ஊற்றி நனைத்துவிட்டு, ஓடும் காற்று நேரே இலையில் படும்படி திறந்து வைத்தால் வதங்கத்தான் செய்யும். முதல் நாளே நீர் விட்டு, வடியவிட்டு, நாற்புறமும் மறைப்புக் கட்டி அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: வாலிஸ் சேர்வராயன் மலைக்கு வந்திருக்கிறாரா? நம் பகுதிக்கும் ஜெர்மன் செடி சேகரிப்பாளர்களுக்கும் தொடர்பு உண்டா? (கல்லூரி மாணவர், சூரமங்கலம்)

பதில்: வாலிஸ் வரவில்லை. ஆசியாவில் அவருடைய பயணம் பிலிப்பைன்ஸ் பக்கம்தான். ஆனால் தமிழ்நாட்டுச் செடிகளுக்கும் ஜெர்மன்காரர்களுக்கும் உறவு அவருக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1776இல் தரங்கம்பாடிக்கு வந்து, 1836இல் சென்னை வேப்பேரியில் மறைந்த பாதிரியார் ராட்லரைத் தமிழ் படித்தவர்கள் அகராதிக்காரராக அறிவார்கள். அவர் அறுபதாண்டு இங்கே செடி சேகரித்தவரும்கூட. சாயத்துக்கும் மருந்துக்கும் பயன்படும் கபிலப்பொடி மரத்துக்கு ராட்லெரா என்ற பெயரைத் தாவரவியலாளர் ராக்ஸ்பரோ இட்டது அவர் நினைவாகத்தான். பிற்காலத்தில் அந்த மரத்தை வேறு இனத்தில் சேர்த்துவிட்டதால் பெயர் வழக்கொழிந்தது.

பலர் இன்னொருவரோடு குழப்பிக்கொள்கிறார்கள் என்பதால் அவரையும் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் லால்பாக் தோட்டத்தோடு தொடர்புடைய ஜெர்மன் தோட்டக்காரர் குஸ்டாவ் கிரும்பீகல்; வாலிஸ் அல்லர். 1865இல் டிரெஸ்டன் அருகே பிறந்து, லண்டன் கியூ தோட்டத்தில் வேலை பார்த்து, 1893இல் பரோடா மன்னரிடம் வந்து, 1908 முதல் மைசூர் அரசின் பணியில் இருந்து, 1956இல் பெங்களூரிலேயே இறந்தவர். ஒரு மரம் பூத்து ஓயும்போது இன்னொன்று பூக்கத் தொடங்கும்படி பெங்களூர்த் தெருக்களில் மரங்களை வரிசைப்படுத்தியது அவருடைய கைவண்ணம். வாலிசின் வாழ்வோடு ஒப்பிட்டால் அவருடையது கொடுத்துவைத்த வாழ்வு: தாம் நட்ட மரத்தின் நிழலில் நடக்க அவருக்கு வாய்த்தது.

கேள்வி: இவர்களைப் பெருமையாகப் பேசுகிறோம். பிற நாட்டுக் காடுகளைச் சுரண்டிக் கொண்டுபோய் லண்டனில் விற்றவர்கள்தானே? (காப்பித் தோட்டக்காரர், ஏற்காடு)

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆர்க்கிட் வியாபாரத்தைப் பொறுத்தவரை ‘சுரண்டல்’ என்ற சொல் மிகையன்று. கொலம்பியாவில் சேகரித்த ஆங்கிலேயர் ஒருவர், ஒரே ஆர்க்கிட் வகையின் 10,000 செடிகளுக்காக ஏறத்தாழ 4,000 மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டதை 1891இல் தாமே எழுதி அச்சிட்டார், வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. மரத்தின் உச்சியில் இருக்கும் செடியை ஏறிப் பறிப்பதைவிட மரத்தையே வெட்டுவது அவர்களுக்கு எளிதாக இருந்தது.

இதற்கு ஒரு காரணம் அறிவியலில் இருந்த இடைவெளி. ஆர்க்கிட் விதை தூசியைப் போன்றது. தனக்கென உணவுச் சேமிப்பு இல்லாதது. காட்டில் ஒருவகைப் பூஞ்சையின் துணையோடுதான் முளைக்கும். இந்த உண்மையை பிரெஞ்சு அறிஞர் நொயல் பெர்னார் கண்டறிந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில். பூஞ்சை இல்லாமலே சர்க்கரை கலந்த ஊடகத்தில் முளைக்கவைக்க முடியும் என்று அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் காட்டியது 1922இல். அதுவரை விதையிலிருந்து நாற்று வளர்ப்பது அரிதான அதிர்ஷ்டம். ஆகவே காட்டுச் செடியைப் பிடுங்குவதைத் தவிர வியாபாரிக்கு வேறு வழி இல்லை, வேறு வழி தேடும் பொறுமையும் இல்லை. இன்று நம் ஏற்காட்டிலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் காப்பகம் இருக்கிறது. காட்டு ஆர்க்கிட்டுகளை நாடு விட்டு நாடு கடத்துவதை 1975இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கை கட்டுப்படுத்துகிறது. வாலிஸ் இன்று அதே வேலையைச் செய்தால் விமான நிலையத்திலேயே பிடிபடுவார்.

இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். அமேசான் கிளையாறுகளில் அவருக்குத் துடுப்புப் போட்டவர்கள், ஆண்டிஸ் சரிவில் கொடியை வெட்டி வழிவிட்டவர்கள், எந்தச் செடி எந்தப் பள்ளத்தில் நிற்கிறது என்று கைகாட்டியவர்கள் ஆகியோரின் பெயர் எந்தச் சீட்டிலும் இல்லை. சேர்வராயன் மலையில் மூலிகை தேடி வரும் ஆய்வாளர்களை இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்கள் பாறைக்குப் பாறை கூட்டிப்போகிறார்கள். அவர்களுடைய பெயர் ஆய்வேட்டில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் நீங்கள் நின்றுகொண்டு கோபப்படும் இடம் காப்பித் தோட்டம் என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் காப்பிச் செடியின் பூர்வீகம் எத்தியோப்பியா. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் அதை இந்த மலைக்குக் கொண்டுவந்தவர் என்கிறார்கள். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் கிழக்கு ஆஸ்திரேலியாவின் மரம். அதில் படர்ந்திருக்கும் மிளகுக்கொடி ஒன்றுதான் மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்தப் பிள்ளை. யாரோ ஒருவர் எங்கிருந்தோ தூக்கிவந்ததை எல்லாம் கழித்துவிட்டால் ஏற்காட்டுக் கடைத்தெருவில் விற்க அதிகம் மிஞ்சாது. இதனால் 4,000 மரம் வெட்டியது சரியாகிவிடாது. செடியைக் கொண்டுசெல்வது ஒரு செயல், காட்டை அழிப்பது வேறு செயல் என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதே என் கருத்து. மலைக்கு மலை நடந்து நோயில் இறந்த கூலிச் சேகரிப்பாளரையும், ஏலக் கூடத்தில் அமர்ந்து விலை கூறியவரையும் ஒரே தராசில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

கேள்வி: ஏற்காட்டில் வாங்கிவந்த பீஸ் லில்லி, சேலத்தில் வைத்த இரண்டு வாரத்தில் இலை நுனி கருகத் தொடங்கிவிட்டது. என்ன செய்வது? (வாசகி, செவ்வாய்ப்பேட்டை)

பதில்: வாலிஸ் இதைப் பார்த்த இடம், பெரிய மரங்களின் அடியில், வெயில் நேரே விழாத, மண் காயாத காட்டுத் தரை. அதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதி விடை கிடைத்துவிடும். மாடிப் படிக்கட்டில் இருந்தால் உடனே எடுத்து, கிழக்கு அல்லது வடக்கு ஜன்னலருகே உள்ளே வையுங்கள்.

நுனி கருகுவதற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீரில் இருக்கும் உப்பு. என் வீட்டுத் தொட்டியிலும் இதே தவற்றைச் செய்தேன். ஆழ்துளைக் கிணற்று நீரை ஒரு கோடை முழுக்க ஊற்றியதில் தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு கட்டி, இலை நுனிகள் சுருட்டு நுனிபோல் ஆகிவிட்டன. காவிரித் தண்ணீரை ஓர் இரவு வாளியில் திறந்து வைத்திருந்து ஊற்றத் தொடங்கியபின் புது இலைகள் சுத்தமாக வந்தன. மழைநீர் கிடைத்தால் அதைவிட நல்லது. தாகம் எடுத்தால் செடி மொத்தமாகத் துவண்டு படுத்துவிடும். பயப்பட வேண்டாம், நீர் ஊற்றினால் சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும். ஆனால் அதையே அடையாளமாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் படுக்கவிட்டு ஊற்றாதீர்கள்.

பெயரில் லில்லி என்று இருந்தாலும் இது அல்லிக்கோ லில்லிக்கோ உறவன்று. சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு, சேனை ஆகியவற்றின் குடும்பம். சரியாக வேகாத கருணையைத் தின்றால் நாக்கை நமைக்கவைக்கும் அதே ஊசிப் படிகங்கள் இதன் இலையிலும் இருக்கின்றன. தவழும் குழந்தைக்கும் பூனைக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள்.

பச்சையாகிப்போன பாளைகளை அடியோடு வெட்டிவிடுங்கள். ஜூன் மழை தொடங்கியதும் தொட்டியைக் கவிழ்த்து, வேரோடு கன்றுகளைப் பிரித்து, செம்மண்ணும் தேங்காய் நார்த்தூளும் மண்புழு உரமும் சம அளவில் கலந்து நடலாம். பிரித்த தொட்டிகளுக்குச் சீட்டு எழுதிக் குத்துவதானால் பென்சிலால் எழுதுங்கள். மை ஒரு மழைக்குத் தாங்காது.